நூறாவது ட்ரோன்

சிப்பித்தாழையில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் மூன்று அறிவிப்புகள் வாசிப்பார். யாருக்குத் திருமண ஓலை, யாருக்கு நினைவுப் பூசை. கடைசியாக ஓர் எண். அந்த எண்ணுக்காகத்தான் ஊர் பெஞ்சைவிட்டு எழாமல் காத்திருக்கும்.

"தேடுகண் வழியாக இதுவரை கரை சேர்ந்தவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேர். ஆண்டவருக்கு நன்றி."

ஆண்டவருக்கு அடுத்தபடியாக ஊர் நன்றி சொன்னது வியாகுலமேரிக்கு. அந்த மென்பொருளை எழுதியவள் அவள். சிப்பித்தாழையின் முதல் பெண் பொறியாளர். திருநெல்வேலியில் படித்து, சென்னையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, இருபத்திரண்டு வருடங்களில் தலைமை வடிவமைப்பாளர் ஆனவள். அலுவலகத்தில் அவள் பெயருக்குத் துயரம் என்று அர்த்தம் தெரிந்தவர்கள் சங்கடப்பட்டு 'வியா' என்று சுருக்கிக்கொண்டார்கள். அவளோ மின்னஞ்சலின் கீழே முழுப் பெயரையும்தான் போடுவாள். புதிய பதிப்பைக் கடலுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் சிலுவை அடையாளம் போடுவாள். பக்கத்து மேஜைப் பையன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவள் போடாமல் அழுத்தினால்தான் அவர்களுக்குப் பயமாக இருந்தது.

தேடுகண் செய்த வேலையைச் சொல்வது எளிது. தமிழ்நாட்டின் கடற்கரை நெடுக நூறு ட்ரோன்கள். கடலுக்குப் போகும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. படகு கவிழ்ந்தால், ஆள் தவறி விழுந்தால், பட்டை கூப்பிடும். காற்றும் நீரோட்டமும் அவரை எங்கே தள்ளியிருக்கும் என்று தேடுகண் கணக்கிட்டு ட்ரோனை அனுப்பும். ட்ரோன் மிதவையைப் போட்டுவிட்டு மேலே நிற்கும். பின்னாலேயே படகு வரும்.

பட்டை எப்போதும் கூப்பிடாது. மின்கலம் தீரும், கயிற்றில் மாட்டி அறுந்துபோகும். அப்போது தேடுகண் இன்னொரு கணக்கையும் போடும்: அவர் இன்னும் உயிரோடு இருக்க எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு இரண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் தேடல் நிறுத்தப்படும். ட்ரோன்கள் வேறு ஆளைத் தேடப் போகும். அரசு ஆவணங்களில் அதற்குப் பெயர் 'தேடல் நிறைவு.'

அந்த விதியையும் எழுதியவள் வியாகுலம்தான். அவள் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது அப்பா கடலில் காணாமல் போனார். நாலாம் நாள் தேடுவதை நிறுத்தினார்கள். அவருடைய வேட்டியும் ஜெபமாலையும் மட்டும் இருந்த பெட்டியைச் சாமியார் ஜெபித்து மந்திரிக்க, புதைத்தார்கள். ஏன் நாலாம் நாள், ஏன் ஐந்தாம் நாள் இல்லை என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. தேடுகண் வந்த பிறகு பதில் இருந்தது. எண் இருந்தது. அது நியாயமான எண் என்பதில் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. கையில் இருப்பது நூறு ட்ரோன்; கடலோ பெரியது.

ஆனாலும் முதல் பதிப்பு கடலுக்குப் போகுமுன் அவள் ஒரு காரியம் செய்தாள். நூறாவது ட்ரோனுக்கு மட்டும் தனியாக ஆறு வரிகள் எழுதினாள். அந்த ஒரு ட்ரோன் நிறைவு விதிக்குக் கட்டுப்படாது. மற்ற தொண்ணூற்றொன்பதும் கைவிட்டவர்களை மட்டும், ஒருவர் பின் ஒருவராக, அது தேடிக்கொண்டே இருக்கும். அறிக்கைகளில் அதன் வேலை 'கடல்நீர் அளவீடு' என்று இருந்தது. வெப்பத்தையும் உப்பையும் அது அளக்கவும் செய்தது; பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அது உதவியது. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு, காணாமற்போன ஒற்றை ஆட்டைத் தேடிப் போன ஆயனின் பைபிள் கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு, வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை.

ஆறு வருடங்களில் நூறாவது ட்ரோன் ஒன்பது உடல்களைக் கண்டெடுத்தது. ஒன்பது வீடுகளில் ஆளுள்ள பெட்டி மண்ணுக்குள் போனது. ஓர் உயிரையும் கண்டெடுத்தது. ஒடிசாவிலிருந்து விசைப்படகு வேலைக்கு வந்த ஒருவர், பதின்மூன்றாம் நாள், ஐஸ் பெட்டியின் மேல் குப்புறக் கிடந்தார். கடல்நீர் அளக்கப் போன ட்ரோன் தற்செயலாகப் பார்த்தது என்று பத்திரிகைகள் எழுதின. வியாகுலம் அன்று அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு முழு ஜெபமாலை சொன்னாள். அவள் வாழ்க்கையிலேயே பெருமையான நாள் அது. யாரிடமும் சொல்ல முடியாத பெருமை.

*

தேடுகண்ணை எட்டு மாநிலங்களுக்கு விரிவாக்க மத்திய அரசு தீர்மானித்தது. அதற்குமுன் ஒவ்வொரு வரியையும் வெளியாள் ஒருவர் சோதிக்க வேண்டும். சோதனைக்கு வந்தவள் பத்மஜா. முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவள். மூன்று வாரம் கழித்து வியாகுலத்தின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"நூறாவது ட்ரோன் தண்ணி அளக்கல மேடம்."

"அளக்குது."

"அளந்துக்கிட்டே தேடுது. விட்டுட்டவங்கள."

வியாகுலம் மறுக்கவில்லை. "ஆமா. நான்தான் வச்சேன். ஆறு வரி."

"எழுதின விதம் ரொம்ப அழகா இருந்துச்சு" என்றாள் பத்மஜா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் ஒண்ணு பண்ணினேன். ஆறு வருஷத்துப் பதிவையும் எடுத்து, அந்த நூறாவதும் மத்ததோட சேந்து ஓடியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு திரும்ப ஓட்டிப் பார்த்தேன்."

"ஒரு சதவீதம் வேகம் கூடியிருக்கும்."

"சராசரியா ஒரு சதவீதம். ஆனா மூணு எடத்துல அது சராசரி இல்ல. மூணு பேர். பக்கத்துல இருந்தது நூறாவது மட்டும்தான். வேற ட்ரோன் தூரத்துலேர்ந்து போய்ச் சேர்ந்தப்போ லேட்டாயிடுச்சு. பட்டையில நாடித்துடிப்பு பதிவாயிருக்கு மேடம். அதனால இது ஊகம் இல்ல."

அவள் ஒரு தாளை மேஜையில் வைத்தாள். மூன்று பெயர்கள். இரண்டாவது பெயர்: சேசுராஜன், சிப்பித்தாழை.

வியாகுலத்துக்கு அந்த மனிதரைத் தெரியும். நாலு வருடம் முன்பு வள்ளம் கவிழ்ந்து இறந்தவர். அடக்கத்துக்கு அவளும் போயிருந்தாள். அங்கே நின்றிருந்தபோது, தேடுகண் தன்னால் ஆனதையெல்லாம் செய்தது என்று அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள் அவள்தான்.

"கண்டுபிடிச்ச உயிர் ஒண்ணு. போன உயிர் மூணு" என்றாள் பத்மஜா. "நான் இத எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க."

நிறுவனத் தலைவர் கோவர்தனன் மறுநாள் காலையிலேயே கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"வியா, அந்த ஆறு வரிய எடுத்துடு. 'அளவீட்டு ட்ரோன் மீட்புப் பணிக்கு மாற்றப்பட்டது'ன்னு அறிக்கையில ஒரே வாக்கியம். பத்மஜாகிட்ட நான் பேசுறேன். எட்டு மாநிலத்துக்கும் நீதான் தலைமை. உன்ன விட்டா யாருக்கும் அந்தத் தகுதி இல்ல."

"அந்த மூணு வீட்டுக்கும் என்ன சொல்றது சார்?"

"எதுக்குச் சொல்லணும்? இப்போ நிம்மதியா இருக்காங்க. நீ போய்ச் சொல்லி அவங்களுக்கு என்ன கெடைக்கப்போகுது?"

அது கெட்ட கேள்வி இல்லை. அன்று மாலை அலுவலகத்துக்குப் பக்கத்துக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தாள். வலைத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார், மன்னிப்பு வழங்கினார், சொல்லவேண்டிய ஜெபத்தையும் சொன்னார். முழந்தாளிட்டு ஜெபம் முடித்து எழுந்தபோதும் நெஞ்சில் கனம் அப்படியே இருந்தது. கடவுள் மன்னித்துவிட்டார், சரி. சேசுராஜனின் மனைவி அமலோற்பவம் மன்னிக்கவில்லையே. அவளுக்கு மன்னிக்க ஒன்று இருக்கிறது என்பதே தெரியாதே.

மறுநாள் கோவர்தனனிடம், எடுக்கமாட்டேன், மறைக்கவும் மாட்டேன், ஊரில் போய்ச் சொல்லப்போகிறேன் என்றாள்.

"அப்போ எட்டு மாநிலத்துக்கு வேற ஆள் பாக்கணும்" என்றார் அவர்.

"பாருங்க சார்."

*

அமலோற்பவம் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதம்; நீலப் பாவாடைத் துணி அறை முழுக்கக் குவிந்து கிடந்தது. வியாகுலத்தைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்கக்கா. நேத்து பூசையிலகூட உங்க பேரச் சொன்னாவ. காப்பி போடட்டா?"

"வேண்டாம் அமலோற்பவம். உக்காரு. ஒண்ணு சொல்லணும். கேட்டு முடிச்சதும் நீ என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கிடுதேன்."

எழுதி மனப்பாடம் செய்துவந்த வார்த்தைகள் எதுவும் உதவவில்லை. நூறாவது ட்ரோன் என்ன செய்கிறது என்று சொன்னாள். யாரையும் கேட்காமல் வைத்தது என்று சொன்னாள். அந்தப் பகலில் சேசுராஜனுக்கு மிக அருகில் இருந்தது அதுதான் என்றும், அது அவர் பக்கம் திரும்பியிருந்தால் ஐம்பது நிமிடம் முன்னதாகப் போயிருக்கும் என்றும், வேறு ட்ரோன் போய் மிதவையைப் போட்டபோது இருபது நிமிடம் பிந்திவிட்டது என்றும் சொன்னாள்.

தையல் மெஷினின் சக்கரத்தை அமலோற்பவம் உள்ளங்கையால் அழுத்தி நிறுத்திக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"அது அப்ப யாரத் தேடிட்டிருந்துச்சு?"

"வேதாரண்யம் பக்கத்து ஆளு. முத்துவேல்னு பேரு. காணாமப் போயி பதினோரு நாளு ஆயிருந்துச்சு."

"கெடச்சாரா?"

"இல்ல."

"இன்னும்?"

"இன்னும் இல்ல."

"அடக்கத்தன்னைக்கு எங் கையப் பிடிச்சிட்டுச் சொன்னியளே, ஆனதெல்லாம் செஞ்சோம்னு."

"அப்ப எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்சிருக்கணும். அந்தக் கணக்க நான் போட்டே பாக்கல. போட்டா என்ன வரும்னு பயம்."

அமலோற்பவம் எழுந்து துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். ஒதுக்கியதையே மறுபடி இந்தப் பக்கம் எடுத்து வைத்தாள். பிறகு வாசலைப் பார்த்தபடி சொன்னாள்: "நீங்க போங்கக்கா. இப்பம் போயிருங்க."

வியாகுலம் போனாள். அண்ணன் இன்னாசியின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவனும் கடலுக்குப் போகிறவன். தங்கை எழுதிய மிஷினைப் பற்றி ஏலக்கூடத்தில் தினமும் ஒருமுறையாவது பேசாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்.

"இனி அத எடுக்கப் போறியா?"

"நான் எடுக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது அண்ணே. கடலுக்குப் போறவங்க சொல்லணும். மீன்வளத் துறைக்கு எழுதியிருக்கேன். ஊர் ஊராக் கேக்கச் சொல்லியிருக்கேன். முதல்ல நம்ம ஊரு."

*

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில். கடலுக்குப் போகிறவர்கள் மட்டும் அறுநூற்றுச் சொச்சம் பேர். மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பத்மஜாவும் வந்திருந்தாள், அவளாகவே ரயிலேறி வந்தாள். கணக்கை அவள்தான் விளக்கினாள்.

"நூறு ட்ரோனும் பொழைக்க வாய்ப்பு இருக்கறவங்கள மட்டும் தேடினா, ரெண்டு வருஷத்துக்கு ஒரு உயிர் கூடுதலா மிஞ்சும். ஒரு ட்ரோன தனியா விட்டா அந்த உயிர் போகலாம். ஆனா யாரையும் முழுசா கைவிட மாட்டோம். ரெண்டும் சேர்ந்து கெடைக்காது. அதுதான் நெலம."

ஓர் இளைஞன் எழுந்தான். "ஆறு வருசமா எங்களக் கேக்காம எப்பிடி வச்சிய?" அவன் வியாகுலத்தைப் பார்த்துத்தான் கேட்டான்.

அவள் எழுந்து நின்றாள். "தப்புத்தான். நான் சரின்னு நம்பினத உங்க உயிர வச்சுச் செஞ்சேன். உங்ககிட்ட கேட்டிருக்கணும்."

மண்டபத்தில் சலசலப்பு. திட்டியவர்களும் இருந்தார்கள். "அவ இல்லாட்டா ஆயிரம் பேரு ஏதுலே" என்று பதில் சொன்னவர்களும் இருந்தார்கள். வியாகுலம் இரண்டையும் நின்றபடியே கேட்டாள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அமலோற்பவம் எழுந்தாள். மண்டபம் அடங்கிவிட்டது. செய்தி அதற்குள் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது.

"எங்க வீட்டுக்காரவுக போனதுக்கு அது ஒரு காரணம்னு சொல்லுதாவ" என்றாள். "ஒரு வாரமா நான் தூங்கல. வேதாரண்யத்துக்குப் போன் போட்டு, அந்த முத்துவேலு சம்சாரத்துட்டப் பேசுனேன். ஒருத்தரும் தேடலன்னு நெனச்சு நாலு வருசமா அழுதுட்டு இருந்துருக்கா. தேடுனாவன்னு நான் சொன்னேன். யாரத் தேடாம விட்டாவங்கத நான் சொல்லல."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அந்த மிஷின வச்சது தப்பா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியல. நான் கைதூக்க மாட்டேன், எந்தப் பக்கமும். கேக்காம வச்சது தப்பு. இன்னைக்குக் கேக்குதாவ. கடலுக்குப் போறவுக சொல்லுங்க. சொன்ன பொறவு ஒரு நாளைக்கு எங்கள மாதிரி ஒரு வீட்டுல இழவு விழுந்தா, அவ கையப் பிடிச்சு உள்ளதச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள்.

நூறாவது ட்ரோன் இப்படியே தேட வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் துறை அதிகாரி. கடலுக்குப் போகிறவர்கள் மட்டும். முதலில் முன்வரிசையில் சில கைகள். பிறகு வரிசை வரிசையாக எழுந்தன. கயிறு அறுத்த தழும்புள்ள கைகள், விரல் இல்லாத கைகள், தேடுகண் பட்டை கட்டிய கைகள். அதிகாரி எண்ணி முடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. ஐந்நூற்று எழுபத்தாறு. தங்களுக்குக் கிடைக்கவேண்டிய பங்கில் ஒரு துண்டை, கைவிடப்பட்ட யாரோ ஒருவனுக்காக, தெரிந்தே விட்டுக்கொடுத்தார்கள். பத்மஜா எண்ணைக் குறித்துக்கொண்டு, குறித்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாகுலத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகப் பட்ட பெருமை இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. இது அவளுடைய பெருமைகூட இல்லை. இந்த மண்டபத்தின் பெருமை. இவர்களில் ஒருத்தியாகப் பிறந்ததுதான் அவளுக்கு அதில் பங்கு.

"வேண்டாம் என்கிறவர்கள்?"

நாற்பத்தொரு கைகள். அதில் ஒன்றைப் பார்த்து அவள் திகைத்தாள். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், இன்னாசி. கையை அரைகுறையாக இல்லாமல், ஊர் பார்க்கும்படி நீட்டித் தூக்கியிருந்தான்.

பின்னால் மற்ற ஊர்களும் சிப்பித்தாழை சொன்னதையே சொன்னன. மூன்று மாதத்தில் அந்த ஆறு வரிகள் அரசு விதியாக, எல்லோரும் படிக்கும்படி அச்சில் வந்தன. எட்டு மாநிலத் தலைமை வேறொருவருக்குப் போனது. வியாகுலம் பழைய மேஜையிலேயே இருந்தாள். இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது அவள் மனதில் இருந்தது அண்ணனின் கை மட்டும்தான்.

கடற்கரையில் வள்ளத்தின் நிழலில் அவனைப் பிடித்தாள்.

"ஏன் அண்ணே?"

"எது?"

"வெளையாடாத. வேண்டாம்னு ஏன் கைதூக்குன?"

இன்னாசி மணலை உதறிக்கொண்டு எழுந்தான். "அப்பாவ நெனச்சுத்தான் நீ அத வச்சன்னு ஊரு பேசுது. பேசட்டும், அது உண்மதான். நாளைக்கு நான் தொலஞ்சு, அந்த நூறாவது என்னையத் தேடிச் சுத்துனா, அண்ணங்காரனுக்காவ முன்னமே ஏற்பாடு பண்ணி வச்சா பாருன்னு எவனாவது ஒரு சொல்லு சொல்லிருவான். ஒம்மேல அந்தச் சொல்லு விழப்பிடாது. நம்ம வீட்டுலயிருந்து கடலுக்குப் போறது நான் ஒருத்தன். அந்தக் கை எதிர இருக்கணும். அத எல்லாரும் பாத்திருக்கணும்."

அலை வந்து வள்ளத்தின் அடியை நனைத்துவிட்டுப் போனது.

அவன்தான் மறுபடி கேட்டான், கொஞ்சம் தயங்கி. "ஒண்ணு கேக்கேன். வேண்டாம்னு கைதூக்குனவனயும் அது தேடுந்தானே?"

"தேடும் அண்ணே."

"எத்தன நாளு?"

"கெடைக்கிற வரைக்கும்."

"பொறவென்ன" என்றான் இன்னாசி. வள்ளத்தின் மூக்கில் கை வைத்து, தங்கையையும் ஒரு கை பிடிக்கச் சொன்னான்.